காமிராவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி

கதை எழுதுகிறவனுக்குக் காமிரா எதற்கு என்று என் மனைவி பல தடவை கேட்டிருக்கிறாள். அவள் கேட்பதில் நியாயம் உண்டு. வாங்கின புதிதில் குழந்தைகளையும், வாசலில் பூத்த செம்பருத்தியையும் எடுத்ததோடு சரி. அப்புறம் ஏழெட்டு வருஷம் அந்தக் காமிரா பீரோவுக்குள், பட்டுப் புடவைகளுக்கு நடுவே, அந்துருண்டை வாசனையோடு தவம் கிடந்தது.

சென்ற ஆண்டு ஒரு பத்திரிகைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "உங்க ஊர் ரயில்வே ஸ்டேஷனைப் பத்தி மலருக்கு ஒரு கட்டுரை வேணும் சார். படத்துக்கு நாங்களே ஆள் அனுப்பறோம்" என்றார். "ஆளெல்லாம் எதற்கு? படத்தையும் நானே எடுத்துத் தந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். வாய் இருக்கிறதே, அதற்கு எப்போதுமே கையைவிட அவசரம் அதிகம்.

எங்கள் ஊர் பட்டாபிராம். சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகிற மின்சார ரயிலில் ஏறி, ஆவடியைத் தாண்டி, இந்துக் கல்லூரி என்ற ஸ்டேஷனையும் தாண்டினால் வருவது. அந்த இந்துக் கல்லூரி 1969-ல் ஆரம்பித்தது. ஸ்டேஷனுக்கே கல்லூரியின் பெயர் வந்துவிட்டது. இப்போது ஊருக்கு வேறு பெருமைகளும் சேர்ந்திருக்கின்றன. 2024 நவம்பரில் 21 மாடியில் ஒரு டைடல் பார்க் திறந்திருக்கிறார்கள். ஆனால் எனக்கு இந்த ஊர் என்றால் ரயில்தான். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியபோது இந்த வழியாகத்தான் ஓடிற்று. அன்றைக்கு வயலில் நின்றவர்கள் ஏரைப் போட்டுவிட்டு வாய் பிளந்து பார்த்திருப்பார்கள். இன்றைக்கு வாய் பிளக்க யாருக்கும் நேரமில்லை. காலை எட்டு மணிக்குப் பிளாட்பாரத்தில் நின்றால், ஒருவர் சாப்பாட்டுப் பை இன்னொருவர் விலாவில் இடிக்கும்.

சங்கடம் அங்கேதான் ஆரம்பித்தது. நான் இந்த ஸ்டேஷனை வைத்து ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். அதில் வரும் ஸ்டேஷன் காலியாக இருக்கும். காலை வெயில் சாய்வாக விழும். சிமெண்டு பெஞ்சியில் ஒரே ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பார். வேறு ஈ காக்கை இராது. அந்தப் படம்தான் வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். ஆனால் அந்த வெயில் விழுகிற நேரமும் கூட்டம் நெரிகிற நேரமும் ஒன்றாகவே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். அன்றைக்குக் கல்யாணத்துக்குப் போகிற கூட்டம்.

கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பியிடம் போய் அழுதேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். என் கதைகளைப் படித்ததில்லை. ஆனாலும் என்னிடம் மரியாதையாக இருப்பார்.

"ஆளுங்களை அழிக்கணும், அவ்வளவுதானே? அதுக்கு வெளிச்சத்தைக் குறைக்கணும் சார்" என்றார்.

"வெளிச்சத்தைக் குறைத்தால் ஆள் எப்படித் தம்பி போவார்?"

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். காமிரா ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரம் கண் திறந்தால், அந்த இமைப்பொழுதில் யார் யார் எங்கெங்கே இருந்தார்களோ அப்படியே பதிந்துவிடுகிறார்கள். அதே கண்ணை அரை நிமிஷம் திறந்து வைத்தால் கதை வேறு. நடக்கிறவர் எந்த இடத்திலும் ஒரு விநாடிக்கு மேல் நிற்பதில்லை. அவருக்குப் பின்னால் இருக்கிற சுவரோ முப்பது விநாடியும் அங்கேயே இருக்கிறது. பங்கு போட்டுப் பார்த்தால் சுவருக்கு இருபத்தொன்பது, மனிதருக்கு ஒன்று. மனிதர் கரைந்துபோகிறார், சுவர் மிஞ்சுகிறது. அருவித் தண்ணீர் பால் மாதிரியும், மகாபலிபுரத்துக் கடல் பனி படிந்த தரை மாதிரியும் சில படங்களில் தெரிகிறதே, அதுவும் இதே கணக்குத்தான்.

ஆனால் பட்டப்பகலில் அரை நிமிஷம் கண்ணைத் திறந்து வைத்தால் படம் வெள்ளைவெளேர் என்று சுண்ணாம்படித்த சுவர் போல வரும். காமிராவின் உள் துவாரத்தை எவ்வளவு சுருக்கினாலும் போதாது. ஆகவே முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி போடவேண்டும். நாம் வெயிலுக்குப் போடுகிற கூலிங் கிளாஸ் மாதிரி. அதற்குத்தான் நியூட்ரல் டென்சிட்டி ஃபில்டர் என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக என்.டி. என்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆதியில் இந்தக் கண்ணாடி தேவைப்படவே இல்லை. புகைப்படம் பிறந்த காலத்தில் தகடுகளுக்கு அவ்வளவு சோம்பல். வெயிலிலேயே நிமிஷக்கணக்கில் காட்டினால்தான் எதுவும் பதியும். பாரிஸில் டாகர் என்பவர் 1838-ல் தம் ஜன்னலிலிருந்து ஒரு பெரிய வீதியைப் படம் எடுத்தார. வண்டியும் ஜனங்களுமாக அமளிப்பட்ட வீதி. படத்தில் பார்த்தால் ஊரே காலி செய்துவிட்டுப் போனாற்போல் இருக்கிறது. ஒரே ஒரு மனிதர் மட்டும் மூலையில் நிற்கிறார். காரணம், அவர் காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ளக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். மெருகு போட்டவனும் நிழலாக விழுந்திருக்கிறான். மனித உருவம் பதிந்த மிகப் பழைய புகைப்படங்களில் ஒன்று அது. நம் நாட்டிலும் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-ல் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படம் பிடித்தார். அந்தப் படங்களில் மண்டபங்கள் ஜனசந்தடி இல்லாமல் கிடப்பதைப் பார்க்கும்போது, அங்கே நடமாடிப் பதியாமல் போனவர்கள் எத்தனை பேரோ என்று எனக்குத் தோன்றும். பிறகு பிலிம் சுறுசுறுப்படைந்தது. இமைப்பொழுதே போதும் என்றாயிற்று. அப்புறம்தான் மனிதன் பழைய சோம்பலைத் தேடிக் கறுப்புக் கண்ணாடிக்குப் போனான்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அப்பாவிடம் அளந்தேன். அப்பாவுக்கு எழுபத்து நாலு வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் முப்பத்தொரு வருஷம் லேத் ஓட்டினவர். காலை வண்டியில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்குவார். இரவு வண்டியில் திரும்புவார். இரும்பைக் கடைந்து கடைந்து அவருக்குப் பேச்சும் அளவாகிவிட்டது. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறைக்காரர்கள் 'தௌ' என்பார்கள். "ஒரு தௌ தப்பினா சாமான் குப்பைக்கு" என்பது அவருடைய வேதம்.

"கறுப்புக் கண்ணாடிதானே? அதுக்கு ஏண்டா காசு?" என்று பரண்மேலிருந்து தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே பழைய வெல்டிங் கண்ணாடி ஒன்று, தினத்தாளில் சுற்றி வைத்திருந்தார். பத்தாம் நம்பர் கண்ணாடி.

வெல்டிங் கண்ணாடி விஷயத்தில் அப்பா வைதிகர். 2019 டிசம்பர் 26-ஆம் தேதி சூரிய கிரகணத்தன்று, தெற்கே திண்டுக்கல், கோயம்புத்தூர்ப் பக்கம் வளையமாகவே தெரிந்ததே, அன்றைக்கு எங்கள் வீட்டுக் குழந்தைகள் இந்தக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடின. அப்பா பிடுங்கி உள்ளே வைத்துவிட்டார். "பத்தாம் நம்பர் பத்தாது. சூரியனுக்குப் பதினாலாம் நம்பர்" என்று தெரிந்த பட்டறைக்குப் போய்ப் பதினாலாம் நம்பர் வாங்கி வந்துதான் காட்டினார். பின்னால் ஸ்டூடியோத் தம்பியும் அதையேதான் சொன்னார்: படம் எடுக்கிற என்.டி. கண்ணாடி எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் அதன் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் அதில் நழுவி வந்துவிடும். சூரியனுக்கென்று தனி ஃபில்டர் இருக்கிறது.

பத்தாம் நம்பர் கண்ணாடியை ரப்பர் வளையம் போட்டுக் காமிராவின் முகத்தில் கட்டி, மொட்டை மாடியிலிருந்து தெருவை எடுத்துப் பார்த்தேன். ஆட்கள் மறைந்தார்கள், வாஸ்தவம். ஆனால் வானம், சுவர், தென்னை, எதிர்வீட்டுக் கார் எல்லாம் ஏகமாகப் பாசி பிடித்த குளம்போல் பச்சையாகிவிட்டன.

"வெல்டருக்குப் பச்சையாத் தெரிஞ்சா என்ன, மஞ்சளாத் தெரிஞ்சா என்ன? கண்ணு பொழைச்சாப் போதும். உனக்கு அது ஆவாது. நீ காசு கொடுத்தே வாங்கு" என்று அப்பாவே தீர்ப்புச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பெயரிலிருந்த 'நியூட்ரல்' என்ற வார்த்தையின் மதிப்புப் புரிந்தது. நடுநிலை. வள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். சிவப்பு, பச்சை, நீலம் எல்லாவற்றையும் ஒரே அளவாகக் குறைக்கவேண்டும். ஒன்றுக்குச் சலுகை, ஒன்றுக்குக் கெடுபிடி என்று இருக்கக் கூடாது. எளிதில் தோன்றுகிற இந்தக் குணம் கண்ணாடிக்கும் கஷ்டம்தான் போலும். மலிவுச் சரக்கில் படம் செம்மை தட்டும், அல்லது நீலம் பாரிக்கும். இருட்டு அதிகமாக ஆக இந்தக் குறையும் அதிகமாகும். கொஞ்சம் பாரித்தால் கம்ப்யூட்டரில் திருத்திக்கொள்ளலாம். ஓரத்துக்கு ஒரு நிறமாகப் பாரித்தால் திருத்தி மாளாது.

தம்பி மூன்று கண்ணாடிகளை மேஜைமேல் வரிசையாக வைத்தார். 8, 64, 1000 என்று எண் போட்டிருந்தது. எட்டு என்றால் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகும். அறுபத்துநாலு, ஆயிரம் என்பதும் அவ்வாறே. படமெடுப்பவர்கள் இதைப் படிக்கட்டாக எண்ணுகிறார்கள். ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும். அந்த நஷ்டத்தை ஈடுகட்ட நேரம் இரட்டிப்பாகவேண்டும். எட்டுக்கு மூன்று படி, அறுபத்துநாலுக்கு ஆறு, ஆயிரத்துக்குப் பத்து. சதுரங்கக் கட்டத்தில் நெல்மணியை இரட்டித்துக் கேட்டு ராஜாவின் களஞ்சியத்தையே காலி செய்த புலவர் கதை ஞாபகம் வருகிறதா? அதே கணக்கு. கண்ணாடி இல்லாமல் விநாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் போதும் என்றால், பத்துத் தடவை இரட்டித்துப் பாருங்கள். அரை நிமிஷத்துக்கு வந்து நிற்கும்.

"அருவி, அலைக்கெல்லாம் மூணு படியோ ஆறு படியோ போதும் சார். பகல்லே ஆளை அழிக்கணும்னா பத்துப் படிதான்" என்றார் தம்பி.

முகப்பைத் திருகினால் இருட்டு கூடிக் குறைகிற கண்ணாடி ஒன்றும் காட்டினார். ஒன்றிலேயே எல்லாம் அடங்கிவிடுகிறதே என்று நான் அதன்மேல் ஆசைப்பட்டேன். "கல்யாண வீடியோவுக்கு நான் வச்சிருக்கேன். வெயிலும் நிழலுமா மாறி மாறி வர்ற இடத்துக்கு அது சௌகரியம். உங்களுக்கு வேணாம்" என்று தடுத்துவிட்டார். அதற்குள் இரண்டு போலரைசர் கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. கோடி வரைக்கும் திருகினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போலக் கரி அப்பிவிடும். விற்கிறவரே வேண்டாமென்று தடுக்கிற சாமானை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடைசியில் பத்துப் படிக் கண்ணாடி ஒன்றை வாங்கினேன். அளவிலும் ஒரு யோசனை சொன்னார். என் லென்ஸின் வாய் 58 மில்லிமீட்டர். அந்த அளவிலேயே வாங்காமல் 77 மில்லிமீட்டரில் வாங்கி, நடுவே ஒரு வளையம் போட்டுக்கொண்டால், நாளைக்குப் பெரிய லென்ஸ் வாங்கினாலும் கண்ணாடி வீணாகாது. சின்னப் பிள்ளைக்கு வளர்த்திக்குச் சேர்த்துச் சட்டை தைக்கிற மாதிரி.

படத்துக்கு ஆளும் வேண்டியிருந்தது. என் நாவலில் வருகிற கிழவர். அப்பாவையே உட்கார வைப்பது என்று தீர்மானித்தேன். அவருக்கு அந்த ஸ்டேஷனில் இல்லாத உரிமையா?

ஸ்டேஷனில் அனுமதி கேட்டு வைத்துக்கொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை இருவரும் போனோம். அப்பா வெளுத்த வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக வந்தார். கையில் வழக்கம்போல் மடித்த தினத்தாள். பெஞ்சியில் உட்கார்ந்து பின்னால் இருந்த தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் எதிரே ஸ்டாண்டை விரித்துக் காமிராவைப் பூட்டினேன்.

இந்த வேலையில் முறை தவறக் கூடாது. பத்துப் படிக் கண்ணாடியைப் போட்டுவிட்டால் காமிராவின் ஜன்னலில் ஒன்றுமே தெரியாது, அமாவாசைதான். ஆகவே கண்ணாடி போடுவதற்கு முன்பே சட்டம் பார்த்து, அப்பாவின் முகத்துக்கு ஃபோகஸ் வைத்து, அது தானாக நகராதபடி கைமுறைக்கு மாற்றிவிடவேண்டும். பிறகு கண்ணாடி இல்லாமலே ஒரு படம் எடுத்து வெளிச்சம் சரியா என்று பார்க்கவேண்டும். அந்தக் கணக்கைத்தான் பத்துத் தடவை இரட்டிப்பது. பிறகு ஃபோகஸ் அலுங்காமல் கண்ணாடியைத் திருகிப் பூட்டி, பின்பக்க ஜன்னல் வழியே வெளிச்சம் புகாமல் மூடி, பொத்தானைத் தொடுகிற அதிர்ச்சிகூடப் படாமல் இருக்க இரண்டு விநாடி கழித்துத் தானே திறக்கும்படி வைக்கவேண்டும்.

வெள்ளோட்டப் படம் எடுத்தேன். பிளாட்பாரம் நிறையக் கூட்டம், நடுவில் அப்பா. விநாடியில் முப்பதில் ஒரு பங்கு. நன்றாக வந்தது. கண்ணாடியைப் போட்டேன்.

"அப்பா, அந்தப் பேப்பரைக் கொடுங்க. காத்துலே படபடக்கும், படத்துலே கலங்கிப் போயிடும்."

"இருக்கட்டுமே" என்றார்.

"இல்லேப்பா, அரை நிமிஷம். எதுவும் ஆடக் கூடாது."

என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு பேப்பரைக் கொடுத்தார். வலது கையை இடது கையால் பற்றிக்கொண்டார். "கையைக் கட்டிக்காதீங்க, சும்மா தொடைமேலே வைங்க, இயல்பா இருக்கணும்" என்றேன், பெரிய டைரக்டர் மாதிரி. அவர் கையை எடுத்துத் தொடைமேல் வைத்தார்.

ரயில் வந்தது. கூட்டம் அலை போல் எழுந்து பெட்டிக்குள் பாய்ந்தது; இறங்கினவர்கள் படியை நோக்கி ஓடினார்கள். காமிரா கண்ணைத் திறந்தது. நான் மனத்துக்குள் முப்பது எண்ணினேன். அப்பா எதையோ பொறுத்துக்கொண்டிருக்கிறவர்போல் உட்கார்ந்திருந்தார். படம் எடுத்துக்கொள்ளும் கூச்சம் என்று நினைத்தேன்.

அன்றிரவு படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்குப் பரமானந்தம். ஜனங்கள் போன இடம் தெரியவில்லை. ரயில் வெறும் வெளிர்க் கோடாகக் கரைந்திருந்தது. சாய்வெயில், சிமெண்டு பெஞ்சி, தூண், கிழவர். நான் எழுதிய பக்கம் அப்படியே கண்முன் நின்றது.

பிறகுதான் அந்தக் கை கண்ணில் பட்டது.

முகம் தெளிவாக இருந்தது. சட்டைப் பொத்தான் தெளிவாக இருந்தது. இடது கையில் விரல்களை எண்ணலாம். வலது மணிக்கட்டுக்குக் கீழே விரல்களே இல்லை. புகை மாதிரி ஒரு மங்கல். வெள்ளோட்டப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில் அதே கை, தினத்தாளை இறுகப் பிடித்துக்கொண்டு, நகக்கண் தெரிகிற மாதிரி இருந்தது.

மறுநாள் தம்பியிடம் கொண்டுபோனேன். "கண்ணாடியில் கோளாறா தம்பி?" என்று கேட்டேன். அவர் இரண்டு படங்களையும் வெகுநேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"கண்ணாடியிலே கோளாறுன்னா படம் பூரா இருக்கும் சார். ஸ்டாண்டு ஆடியிருந்தா பெஞ்சியும் ஆடியிருக்கும்." கொஞ்சம் தயங்கினார். "அப்பாவுக்குக் கை ஆடுதா சார்?"

எனக்குச் சுருக்கென்றது. "சேச்சே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் வீடு வந்து சேருகிற வரைக்கும் அந்தக் கேள்வி கூடவே நடந்து வந்தது.

மனிதர்களைக் கவனிப்பதுதான் என் தொழில் என்று நான் மேடைகளில் பேசியிருக்கிறேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் செருப்பைப் பார்த்து அவர் சம்பளத்தைச் சொல்லிவிடுவேன் என்றுகூட ஒரு தடவை பெருமையடித்துக்கொண்டதுண்டு. அப்பா ஒரு வருஷமாகச் சட்டைப் பொத்தானைப் போட வெகுநேரம் எடுத்துக்கொண்டது எனக்குத் தெரியும். வயசு என்று நினைத்தேன். அவர் கையெழுத்து வரவரச் சிறுத்துப்போய்ப் பாங்கியில் ஒருமுறை திருப்பியது தெரியும். அவசரம் என்று நினைத்தேன். நடக்கும்போது வலது கை வீசாமல் ஒட்டினாற்போல் வருவதும் தெரியும். மடித்த தினத்தாளை எப்போதும் கையில் வைத்திருப்பது, வீட்டுக்குள்கூட, படித்து முடித்த பிறகும்கூட, அதுவும் தெரியும். பத்திரிகை மோகம் என்று சிரித்திருக்கிறேன். எல்லாம் தெரியும். எதையும் பார்க்கவில்லை.

சாயங்காலம் திண்ணையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பேப்பர் கையில் இருந்தது.

"எத்தனை நாளாப்பா?"

என்ன என்று கேட்கவில்லை. "ஒரு வருஷம் இருக்கும்" என்றார். "வேலை செய்யறப்ப ஆடறதில்லே. டம்ளர் தூக்கினா நின்னுடும். சும்மா வச்சாத்தான். சும்மா இருந்து பழக்கமில்லாத கைதானே, அதான்னு விட்டுட்டேன்."

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ எழுதறதை விட்டுட்டு என் கையையே பார்த்துட்டு இருப்பே."

மறுவாரம் சென்னையில் ஒரு நரம்பு வைத்தியரிடம் போனோம். அவர் பெரிய யந்திரம் எதையும் முதலில் தொடவில்லை. கையைத் தொடைமேல் வைக்கச் சொல்லிச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். நடக்கச் சொன்னார். ஒரு வரி எழுதச் சொன்னார். பார்க்கின்ஸன் வியாதி என்றார். 1817-ல் லண்டனில் அந்தப் பெயர்கொண்ட வைத்தியர் எழுதி வைத்ததாம். ஓய்வாக இருக்கும்போது நடுக்கம், எழுத்துச் சிறுப்பது, கை வீச்சுக் குறைவது, எல்லாம் அதன் லட்சணங்கள். அடியோடு தீர்க்க மருந்து இல்லை. ஆனால் கட்டுக்குள் வைக்க நல்ல மாத்திரைகள் உண்டு, பல வருஷம் நன்றாகவே நடமாடலாம் என்றார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அப்பாதான் சொன்னார்: "பையன் போட்டோ எடுத்தான்."

வரும் வழியில் ரயிலில் அவர் அந்தப் படத்தைப் பார்க்கவேண்டும் என்றார். காட்டினேன். கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு, சாமான் வாங்குகிற மேஸ்திரி மாதிரி ஆராய்ந்தார்.

"அரை நிமிஷத்திலே இவ்வளவா?"

"ஆமாப்பா."

"எத்தனை தௌ இருக்கும்?"

எனக்குப் பேச வரவில்லை. அவரே சொன்னார்: "பேரிங் தேஞ்சா ஆட்டம் வரத்தான் செய்யும். அதுக்காக மெஷினை இரும்புக் கடைக்கா போடறோம்? எண்ணெய் விட்டு ஓட்டறதுதான்."

பத்திரிகைக்கு அந்தப் படத்தை அனுப்பவில்லை. மறுபடி ஒரு நாள் போய், பெஞ்சி காலியாக இருக்கும்படி வேறொன்று எடுத்து அனுப்பினேன். நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். என் நாவலில் வரும் கிழவர் இல்லாமலே அது அச்சாயிற்று.

மாத்திரை கேட்கிறது. நடுக்கம் முற்றிலும் போகவில்லை, குறைந்திருக்கிறது. சென்ற மாதம் அப்பாவே, "அந்தக் கறுப்புக் கண்ணாடியை எடுத்துட்டு வா, இன்னொரு தரம் பார்ப்போம்" என்றார். மாத்திரை எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்று அவருக்கு அளந்து பார்க்கவேண்டுமாம். வைத்தியர் கண்ணளவாகச் சொன்னதில் அவருக்குத் திருப்தி இல்லை.

அதே பெஞ்சி, அதே தூண். ஃபோகஸ் வைத்தேன். வெள்ளோட்டப் படம் எடுத்தேன். கண்ணாடியைத் திருகிப் பூட்டிவிட்டு நிமிர்ந்தேன். நான் கேட்பதற்கு முன்பே அப்பா கையிலிருந்த பேப்பரை என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தா, இதை நீ வச்சுக்க" என்றார்.